சருகு பொறுக்கிய அம்மா

பென்னலூரில் வீட்டுச் சருகுகளை உரமாக்கும் ஊராட்சித் திட்டத்துக்காக வீடு வீடாகப் போனபோதுதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, நெற்றி நிறையக் குங்குமம். பேசிக்கொண்டே குனிந்து வாசல் வேப்பமரத்துச் சருகைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொள்வார்.

"கொளுத்தாதீங்க, மூட்டை கட்டி வைங்க, வண்டி வரும்" என்றேன். ஊரில் அதை நம்பியவர் அவர் ஒருவர்தான்.

வண்டிக்கு அனுமதியே வரவில்லை. மழைக்காலம் முடிந்து நான் மறுபடி அங்கே போனபோது, மரம் நின்ற இடத்தில் கம்பெனிப் பையன்களுக்கான வாடகை அறைகள் எழும்பியிருந்தன.

"மூட்ட மூட்டையா சேந்துகினே போச்சு சார். அதான் மரத்தையே வெட்டிட்டோம். இனிமே உங்களுக்கும் ரோதன இல்ல" என்றார், எனக்கு ஒத்தாசை செய்தவர்போல. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சொல்லிக்கொண்டே பழக்கதோஷத்தில் குனிந்தார். சிமென்ட் தரையில் பொறுக்க ஒன்றும் இல்லை.