மலைப்பக்கம் இரண்டு முழம்

சர்வீஸ் போடுவதற்கு முன்னால் மைமூன் தன் சட்டைக் கையிலிருந்து ஒரு நூல் பிசிறைப் பிடுங்குகிறாள். கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, விரலைத் திறந்து விடுகிறாள். நூல் கீழே விழுவதில்லை. கிழக்கே மிதந்து போய், களத்தின் ஓரத்தில் நெல்லை மூடியிருக்கும் தார்ப்பாயில் ஒட்டிக்கொள்கிறது.

"அக்கா, இன்னைக்கு ரெண்டு முழம்."

பக்கத்தில் நிற்கும் செல்லக்கனி தலையை ஆட்டுகிறாள். எங்கே விழவேண்டுமோ அங்கிருந்து மலைப்பக்கம் இரண்டு முழம் தள்ளி அடிக்கவேண்டும் என்று அதற்கு அர்த்தம். மிச்சத்தை மேல்காற்று பார்த்துக்கொள்ளும். ஆனி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் விடிவதற்கு முன்பே மலையிலிருந்து காற்று இறங்கிவிடுகிறது. அது ஓயட்டும் என்று காத்திருந்தால் ஐப்பசியில்தான் ஷட்டில் ஆடமுடியும். மைமூனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

களம் ஐயாதுரையின் அரிசி மில்லுக்குச் சொந்தம். அவித்த நெல்லைக் காயப்போடுவதற்காகச் சிமென்ட் பூசி வழவழவென்று வைத்திருக்கிறார். நெல்லை விரிக்க ஆட்கள் வரும்வரை நான்கு பெண்கள் அதில் நெட் கட்டி, காக்கு என்று அவர்கள் சொல்லும் பிளாஸ்டிக் ஷட்டில் பந்தை அடித்து ஆடிக்கொள்ளலாம். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"ஒடஞ்ச காக்குத் துண்டு ஒண்ணு என் நெல்லுக்குள்ள கெடந்துச்சு, அன்னைக்கே நெட்டச் சுருட்டிர வேண்டியதுதான் பாத்துக்கிடுங்க."

அதனால் ஆட்டம் முடிந்ததும் நால்வரும் வரிசையாகக் குனிந்து, தலையில் பேன் பார்ப்பதுபோலத் தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள்.

மைமூனுக்கு நாற்பத்து நான்கு வயது. குட்டையான உருவம், நல்ல சதைப்பிடிப்பு. முக்காட்டைச் சுற்றி நான்கு இடத்தில் ஊசி குத்தி இறுக்கியிருப்பாள். எவ்வளவு ஓடினாலும் அது அசையாது. சேலைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிப்பதும், ரவிக்கையைப் பிடித்துத் தைப்பதும், பிரித்துத் தைப்பதும் அவளுடைய தொழில்; அதற்கென்று சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறாள். அவள் உடம்பில் எந்த நேரமும் எந்தச் சேலையின் நிறத்திலாவது ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். கணவன் பீர் மைதீன் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். "ஒன்னைய வீட்டுல காணலன்னா நூலப் புடிச்சுக்கிட்டே வந்தாப் போதும்" என்பார்.

சர்க்கரை எட்டிப் பார்த்தபோது டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்து பார்த்தாள். திரும்பப் போய் டாக்டரிடம் குறை சொன்னாள்.

"நடந்தா கடையும் கூடவே நடந்து வருது டாக்டர். யாருக்குக் கொக்கி வைக்கணும், யாரு அளவு ரவிக்கையத் தராமப் போனா, அம்புட்டும் ஞாவகம் வருது."

அப்போதுதான் நாத்தனார் அஸ்ஃபியா அவள் கையில் ஒரு பேட்டைக் கொடுத்தாள். முதல் நாள் பத்துக்கு ஒன்று பட்டது. அந்த ஒன்று பேட்டின் நட்டநடுவில், டொப்பென்று பட்டது. கையில் ஒன்றுமே படாததுபோல இருந்தது. ஆனால் காக்கு களத்தின் அந்தக் கோடிக்குப் போயிருந்தது. அன்று முழுக்க மைமூன் மிஷினை மிதித்துக்கொண்டே அந்தச் சத்தத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை லேசான பொருளுக்கு இத்தனை வேகம் எங்கிருந்து வந்தது? மறுநாள் அஸ்ஃபியாவுக்கு முன்பே களத்துக்குப் போய் நின்றாள்.

"காக்கு மேல இருக்கும்போது வேற ஒண்ணையும் நெனைக்க ஏலாது. நெனச்சா மூக்கு மேல விழும்" என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறாள். "உள்ள கெடக்கிற குப்பையப் பூரா யாரோ பெருக்கித் தள்ளுன மாதிரி இருக்கும். ராத்திரி படுத்தா, தலகாணியில தல பட்டதுதான் தெரியும்."

தொழிலில் அவள் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. புதன்கிழமை தருகிறேன் என்றால் புதன்கிழமை தந்துவிடுவாள். தையல்காரர்களில் இது அபூர்வம். களத்தில் இறங்கிவிட்டாலோ அவளிடம் உள்ளதெல்லாம் பொய்தான். தோளை உயர்த்துவாள், கண்ணைப் பின்கோட்டில் வைப்பாள், மூச்சைக்கூட இழுத்துப் பிடிப்பாள். எதிரில் நிற்பவர்கள் பதறிப் பின்னால் ஓடுவார்கள். கடைசி நொடியில் மணிக்கட்டு மட்டும் ஓய்ந்துவிடும். காக்கு நெட்டை உரசிக்கொண்டு, மாடியிலிருந்து நழுவிய கைக்குட்டைபோல அந்தப் பக்கம் விழும்.

எதிர்ப்பக்கம் அஸ்ஃபியாவோடு ஆடும் வெங்கடேஸ்வரி போலீஸ்காரி. இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வாள்: "ஸ்டேசன்ல எம்புட்டோ பேரப் பாத்தாச்சு. இவள மாதிரி மூஞ்சியாலயே பொய் சொல்றவள நான் பாத்ததில்ல."

"அப்ப ஒரு கேஸப் போடுங்க மதினி. பாயிண்ட் எங்களுக்கு."

மைமூனின் ஜோடி செல்லக்கனி. ஐம்பதைத் தாண்டியவள். ஆள் உயரம், கை வலு. அவள் ஓங்கி அடித்தால் மில் தகரத்தில் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் பறந்துபோகும். ஆனால் நெட்டுக்கு முன்னால் வரமாட்டாள். "ஏட்டி, ஒனக்கு!" என்று கத்திவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பாள். "எனக்கு!" என்று மைமூன் பாய்வாள். "ஒனக்கு", "எனக்கு" என்ற இந்தச் சத்தம் தெரு முனைவரை கேட்கும். மில் கதவு சாத்தியிருந்தால் சொத்துச் சண்டை என்றுதான் புது ஆட்கள் நினைப்பார்கள்.

ராஜபாளையத்தில் வருஷம் ஒருமுறை நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரட்டையர் போட்டி வைக்கிறார்கள். மூடிய ஹாலில், இறகு காக்கில் ஆடும் ஆட்டம். போன இரண்டு வருஷமும் இவர்கள் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினார்கள். செல்லக்கனியின் கணவர் கருத்தப்பாண்டி பட்டாளத்தில் இருந்து வந்தவர். இரண்டு வருஷமும் வாசலில் நின்றுகொண்டு ஒரே கேள்வியைக் கேட்டார்: "என்ன, போன பஸ்ஸுலயே திரும்பிட்டீகளா?"

இந்த வருஷப் போட்டிக்கு முந்தின நாள், நெட்டை அவிழ்க்கும்போது செல்லக்கனி சொல்லிவிட்டாள்.

"ஏட்டி மைமூனு, நாளைக்கு ஒரு சுத்தாச்சும் செயிக்கணும். இல்லன்னா பேட்டத் தூக்கிப் பரண்ல போட்டுருவேன். வெளையாட்டுக்குச் சொல்லல. எங்க வீட்டு மனுசனுக்குப் பதில் சொல்லி எனக்கு முடியல."

யாரும் சிரிக்கவில்லை. ஊரில் ஆட வருகிற பெண்கள் இந்த நான்கு பேர்தான். மூன்று பேரை வைத்துக்கொண்டு இரட்டையர் ஆட்டம் நடக்காது. ஒருத்தி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். நான்கு நாள் பார்ப்பாள், ஐந்தாம் நாள் தூங்கிவிடுவாள். பிறகு நெட் கட்ட யாரும் வரமாட்டார்கள். இதெல்லாம் மைமூனுக்குத் தெரியும். இருந்தாலும் நெட்டை மடித்துக்கொண்டே, புதன்கிழமை தருகிறேன் என்று சொல்லும் அதே குரலில் சொன்னாள்:

"செயிச்சுருவோம்க்கா."

ஹாலில் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. இறகு காக்கு அசைந்துவிடும் என்று ஃபேனைக்கூடப் போடவில்லை. எதிரில் ராஜபாளையத்துப் பெண்கள் இருவர். ஒருத்தி நல்ல உயரம், இன்னொருத்தி கண்ணாடி போட்டவள். இருவரும் அந்த ஹாலிலேயே தினமும் ஆடுகிறவர்கள். மூன்று ஆட்டத்தில் இரண்டை எடுப்பவர்களுக்குச் சுற்று.

முதல் ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை. மைமூன் அடித்தது மேற்குச் சுவர்ப்பக்கக் கோட்டுக்கு வெளியே விழுந்தது. செல்லக்கனி அடித்ததும் அங்கேயே போய் விழுந்தது. நடுவர் அவுட் என்று இரண்டு கையையும் விரித்து விரித்து அலுத்துப்போனார். கொஞ்ச நேரத்தில் எதிரணியினர் அந்தப் பக்கம் ஓடுவதையே நிறுத்திவிட்டார்கள். "விட்டுரு, விட்டுரு" என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டு, காக்கு தானாக வெளியே போய் விழுவதை நின்று வேடிக்கை பார்த்தார்கள். எதிரணி எடுத்ததில் பாதிப் பாயிண்ட்கூட இவர்களால் எடுக்க முடியவில்லை.

செல்லக்கனி பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை அழுந்தத் துடைத்தாள். "சொன்னேன்ல. இந்த ஹாலு நமக்கு ஆகாதுட்டி."

மைமூன் தன் கையை நீட்டிப் பார்த்தாள். போட்டிக்காகக் கொடுத்த பனியனுக்கு அரைக்கைதான். முழுக்கைக்காகத் தன் பழைய சுடிதார் துணியை அவளே ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தாள். அந்தத் தையலில் ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. கை அதுவாகவே போய்ப் பிடுங்கியது, தூக்கிப் பிடித்தது, விட்டது.

நூல் நேராக இறங்கி அவள் ஷூமேல் விழுந்தது.

இன்னொன்றைப் பிடுங்கி விட்டாள். அதுவும் அதே இடத்தில் விழுந்தது. மைமூன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்கியது.

"என்னட்டி, தோத்துப்போயி சிரிக்க?"

"அக்கா, இங்க காத்து இல்ல."

"அதான் வேத்து ஊத்துதே. அது எனக்குத் தெரியாதாக்கும்?"

"காத்து இல்லாத எடத்துல நாம காத்துக்குத் தள்ளி அடிக்கோம்க்கா. பஸ்ஸ விட்டு எறங்கும்போது மலை எந்தப் பக்கம் இருந்துச்சோ, அந்தப் பக்கமே ரெண்டு முழம். போன வருசமும் இதேதான். அதுக்கு முந்துன வருசமும் இதேதான்!"

செல்லக்கனி துண்டை இறக்கி, மேற்குச் சுவரைப் பார்த்தாள். அங்கே மலை இல்லை. தண்ணீர்க் கேனும், மடக்கி வைத்த நாற்காலிகளும்தான் இருந்தன.

"அட கூறுகெட்டவளுகளா" என்றாள், இருவரையும் சேர்த்து. "நேரா அடிச்சாப் போதுமா?"

"நேரா அடிங்க."

இரண்டாவது ஆட்டத்தில் மைமூன் கண்டது வேறொரு விளையாட்டு. காக்கு எங்கே வருவதாகக் காட்டியதோ அங்கேயே வந்தது. நடுவழியில் மனம் மாறவில்லை. திசை தப்பவில்லை. இத்தனை வருஷமாகக் காற்றோடு சேர்த்து மூன்று பேரை எதிர்த்து ஆடிய கால்களுக்கு, இது வட்டிலில் சோறு போட்டு முன்னால் வைத்ததுபோல இருந்தது. போகவேண்டிய இடத்துக்கு முன்கூட்டியே போய் நின்று, பொய் சொல்ல அவளுக்கு நேரம்கூட மிச்சம் இருந்தது.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். எதிரணிக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. மேற்குப் பக்கம் காக்கு போனபோதெல்லாம் அவர்கள் இன்னமும் விட்டுவிட்டார்கள். மைமூன் வேண்டுமென்றே அந்தப் பக்கம் அடித்தாள், ஆனால் கோட்டுக்குள்ளே.

"விட்டுரு!"

காக்கு கோட்டைத் தொட்டு உட்கார்ந்தது. நடுவரின் கை இந்த முறை விரியவில்லை. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது விழுந்தபோது உயரமானவள் திரும்பினாள்.

"ஏன் விட்ட?"

"நீதான விடச் சொன்ன?"

"எனக்கு அவுட் மாதிரி தெரிஞ்சது."

"எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சது!"

செல்லக்கனி திரும்பி நின்று துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அந்த ஆட்டம் இவர்களுக்கு.

மூன்றாவது ஆட்டத்தில் யாரும் யாரையும் ஏமாற்றமுடியவில்லை. பக்கத்துக் கோர்ட்டில் ஆடி முடித்தவர்கள் வந்து சுவரோரம் நின்றார்கள். ஒரு பாயிண்ட் அங்கே, ஒரு பாயிண்ட் இங்கே என்று ஏறிக்கொண்டே போனது. கடைசியை நெருங்கும்போது கண்ணாடிக்காரி நெட்டோரமாக ஒன்றைத் தட்டிப் போட்டாள். மைமூன் பின்னால் இருந்தாள், எட்டாது. "ஏட்டி, ஒனக்கு" என்ற சத்தம் வரவில்லை. அதற்குப் பதில் "எனக்கு!" என்று கேட்டது. செல்லக்கனி மூன்றே எட்டில் நெட்டுக்குப் பாய்ந்து, மண்டியிட்டு, அதைக் கோரி அந்தப் பக்கம் போட்டாள். ஹாலில் யாரோ விசில் அடித்தார்கள்.

ஆனாலும் எதிரணி ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தது; இன்னொன்று எடுத்தால் அவர்களுக்குச் சுற்று. கடைசி அடி செல்லக்கனியுடையது. ஓங்கி அடித்தாள், திரும்பி வந்தது. மறுபடி அடித்தாள், மறுபடி வந்தது. மூன்றாவது, நெட்டின் மேல்பட்டையில் பட்டு, ஒரு கணம் அங்கேயே யோசித்து, இவர்கள் பக்கமே விழுந்தது.

நால்வரும் நெட்டுக்கு வந்து கை கொடுத்துக்கொண்டார்கள். கண்ணாடிக்காரிக்கு மூச்சு இரைத்தது. "முதல் ஆட்டத்துல உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"கையோட மலையையும் கொண்டுவந்துட்டோம். கீழ எறக்கி வைக்கச் செத்த நேரமாச்சு" என்றாள் மைமூன்.

சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள். ஹால் காலியானது. செல்லக்கனி பெஞ்சில் உட்கார்ந்து பேட்டை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். மைமூன் அவள் முகத்தைப் பார்க்காமல் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள். நன்றாக ஆடினோம் என்று சொல்லலாம். ஆனால் கேட்டது ஒரு வெற்றி, கொடுக்கவில்லை. வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு புதன்கிழமை தவறிவிட்டது.

"பஸ்ஸுக்குப் போவமாக்கா?"

அப்போது செல்லக்கனியின் போன் அடித்தது. திரையில் கருத்தப்பாண்டியின் பெயர். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்துக் காதில் வைத்தாள்.

"இன்னும் முடியலங்க. ஆடிக்கிட்டு இருக்கோம். பொறவு பேசுதேன்."

போனைப் பெஞ்சில் கவிழ்த்து வைத்தாள். உறையின் ஜிப்பைத் திறந்து பேட்டை உருவினாள். தரையில் கிடந்த பழைய காக்கு ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு, நெட்டுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனாள். காற்றில்லாத காலி ஹாலின் நடுவில் முட்டியை லேசாக மடக்கி நின்று, பேட்டைத் தூக்கினாள்.

மைமூன் அவிழ்த்த ஷூ கயிற்றை மறுபடி இறுக்கிக் கட்டினாள்.