ஏழு பேர் பார்த்த பச்சைச் சேலை

புளிச்சாதத்தின் நல்லெண்ணெய் மணமும், டீசல் வாடையும், வாந்தி வராமலிருக்க அம்மா என் மூக்கருகே பிடித்துக்கொண்டே வந்த எலுமிச்சம்பழமும் ஒன்றாகக் கலந்த அந்த வேனின் வாசம் எங்காவது அடித்தால் போதும், இதை எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். பிறகு, எட்டாவது வரைக்கும் மட்டுமே படித்த நான் எழுதி யார் படிப்பது, அதுவும் சாமி காரியத்தில் நான் செய்த தப்பை ஊருக்குச் சொல்வதா என்று பயந்து பேனாவை மூடிவிடுவேன். இப்படியே பல வருஷம் போய்விட்டது. போன மாதம் அத்தை சொன்ன ஒரு வார்த்தையால்தான் இப்போது துணிந்தேன்.

எங்களுக்குச் சின்னாளபட்டி. அப்பாவுக்குத் தறி வேலை. அவருடைய தங்கையான என் அத்தையை ஏழு வீட்டார் பெண் பார்த்துவிட்டு, ஏழு வீட்டாரும் "சொல்லியனுப்புறோம்" என்றதோடு சரி. ஏழு தடவையும் அத்தை கட்டியிருந்தது அப்பா நெய்து கொடுத்த ஒரே பச்சை நூல் சேலை. எட்டாவதாக நத்தத்து மாப்பிள்ளை ஒருவர், திருவிழாக் கூட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்ததே போதும் என்று சம்மதித்துவிட்டார். இதுவும் கைநழுவிவிடக் கூடாதே என்று ஜோசியரிடம் போனபோது அவர், கும்பகோணம் போய்க் காவிரியில் முழுகி ராசியில்லாத அந்தப் பச்சைச் சேலையை ஆற்றோடு விட்டுவிட வேண்டும், அன்றைக்கே அங்கே அம்மனுக்குப் புதுச்சேலை சாத்த வேண்டும் என்றார். அப்பா ஒரு மாதம் உட்கார்ந்து ஜரிகைக் கரை போட்டு ஓர் அரக்குச் சேலை நெய்தார். "ஆத்துக்குக் குடுக்குறதுன்னாலும் அழுக்காவா குடுக்குறது?" என்று அத்தை பச்சைச் சேலையையும் துவைத்து, கஞ்சி போட்டு, புதுசு போலவே மடித்து வைத்தாள்.

யாத்திரைக்குப் பெரியப்பாதான் தலைவர். கும்பகோணத்தில் இறங்கியதும், "ஏலே, இங்கன அடிக்கு ஒரு கோயிலு. ஒருத்தரும் செருப்புப் போடக் கூடாது, அம்புட்டும் வேன்லயே கெடக்கட்டும்" என்று உத்தரவு போட்டார். மகாமகக் குளம், கும்பேஸ்வரர் கோயில், சாரங்கபாணி கோயில் என்று வெயில் ஏற ஏறத் தார் ரோட்டில் நாங்கள் நடந்த நடையைப் பார்த்து, ஏதோ பெரிய நேர்த்திக்கடன் போலிருக்கிறது என்று எதிரே வந்த ஒரு அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். பெரியப்பா அவருக்கு விபூதியே பூசிவிட்டார்.

என் கையில் இரண்டு மஞ்சப்பை. வலது கைப் பை ஆற்றுக்கு, இடது கைப் பை ஆத்தாளுக்கு என்று அம்மா பத்து தடவை சொல்லியிருந்தாள். வழியில் பையைத் திறக்கக் கூடாது என்பது பெரியப்பாவின் இன்னொரு சட்டம். கால் சுட்டதில் நிழலுக்கு நிழல் குதித்து ஓடியபோது, பாவாடையைத் தூக்கிப் பிடிக்க வேண்டி எந்தப் பையை எந்தக் கைக்கு எத்தனை முறை மாற்றினேன் என்று எனக்கே தெரியாது.

மத்தியானம் படித்துறைக்கு வந்தோம். அந்த வருஷம் காவிரியில் தண்ணீர் நிறையப் போயிற்று. முழுகி எழுந்ததும் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, பையைத் தலையைச் சுற்றிப் பின்பக்கமாக எறிந்துவிட்டு, யாரும் திரும்பிப் பார்க்காமல் படியேறிவிட வேண்டும், பார்த்தால் தோஷம் பார்த்தவரைப் பிடித்துக்கொள்ளும் என்பது முறை. வலது கையிலிருந்த பையை நான் நீட்ட, அத்தை வாங்கி எறிந்த சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். பை வாய் பிளந்து, அப்பாவின் ஒரு மாத உழைப்பு அரக்கு நிறத்தில் நீளமாக விரிந்து, ஜரிகை மின்ன மின்ன ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது. சொன்னால் திரும்பிப் பார்த்த குற்றம், பையை மாற்றிக் கொடுத்த குற்றம் இரண்டும் வெளியே வரும். எட்டு வயதில் எனக்குத் தெரிந்த ஒரே பரிகாரம் வாயை மூடிக்கொள்வதுதான்.

சாயங்காலம் அம்மன் கோயிலில் நடை திறந்ததும், அத்தையே மீதிப் பையை என்னிடமிருந்து வாங்கி, சேலையைத் தட்டில் வைத்து, அதன்மேல் மல்லிகைப் பூவைக் குவித்துக் கொடுத்தாள். திரை போட்டார்கள். திரை விலகியபோது அம்மன் பச்சைச் சேலையில் நின்றாள்.

"ஆத்தாடி!" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "பூசாரி, அதக் கழட்டுங்க! அது பழைய சேல! ஏழு பேரு வேணாம்னு போன சேல!"

பூசாரி வயதானவர். "கட்டியாச்சுய்யா. வேண்டாம்னா இனி அவளே கழட்டிக் குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கற்பூரத்தை ஏற்றினார். பெரியப்பா நிஜமாகவே கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார். அம்மன் கழற்றவில்லை. அத்தை மட்டும் கண் கொட்டாமல் அம்மனையே பார்த்துக்கொண்டு, கண்ணீர் வடிய நின்றாள். என்னால் வந்த கண்ணீர் என்று நினைத்து நானும் அழுதேன்.

நத்தத்திலிருந்து "வேண்டாம்" என்று எப்போது ஆள் வருமோ என்று, தை மாதம் தாலி ஏறும் வரை வீடே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. "செருப்பில்லாம நடந்தோம்ல, அம்புட்டும் அதுக்குக் கெடச்ச பலன்" என்று பெரியப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் வாக்கப்பட்டது சேவுகம்பட்டியில். இப்போது எனக்கே மருமகள் வந்துவிட்டாள். போன மாதம் பிள்ளைகளோடு காரில் கும்பகோணம் போனேன். படித்துறையில் துணிகளை விடக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள், நல்லதுதான். அந்தப் பூசாரி இல்லை. அன்று வெறுங்காலோடு நடந்தவர்களில் அப்பா, அம்மா, பெரியப்பா மூவருமே இல்லை. மனசு கேட்காமல் படியில் உட்கார்ந்து அத்தைக்குப் போன் போட்டு, திரும்பிப் பார்த்ததையும் மறைத்ததையும் சொல்லி அழுதேன்.

"ஏண்டி, நீ மட்டுந்தான் பாத்தியா? தலை துவட்டுற சாக்குல நானுந்தான் பாத்தேன்" என்றாள் அத்தை.

"தெரிஞ்சேவா அந்தச் சேலையக் குடுத்தீக?"

"பெறகு? ஏழு பேரு வேணாம்னுட்டுப் போனாய்ங்க. ஆத்தாகிட்டயே கேட்டுப்புடுவோம்னு நெனச்சேன். அவ வாங்கிக் கட்டிக்கிட்டா. அதுக்கப்புறம் நத்தத்துக்காரவுக வேணாம்னு சொல்லியிருந்தாக்கூட நான் அழுதிருக்க மாட்டேன்." பிறகு, "உங்கப்பன்தான் பாவம்டி" என்று சிரித்தாள்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்லத் தோன்றும். எழுதும்போது எனக்கே தோன்றியது. மணி தானாக அடித்தது, அம்மன் சிரித்தாள் என்றெல்லாம் சேர்த்துவிடாதீர்கள். சேலையைப் பட்டாக்கிவிடாதீர்கள். அது நூல் சேலை. அத்தை கொடுத்தாள், அவள் கட்டிக்கொண்டாள். நடந்தது அவ்வளவுதான்.