கரி ஆறிவிட்டதா என்று அம்மா கேட்டார்

'அணஞ்சிருச்சு' என்றேனா, 'ஆறிருச்சு' என்றேனா? ஒன்பது வயதில் அம்மாவின் கேள்விக்கு நான் சொன்ன ஒற்றைச் சொல் இந்த இரண்டில் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சிம்பாங் பூலாயில் எங்கள் வீட்டின் பின்புறத்தில் என் கணவர் இப்போது ஒரு சிறிய மரமேடை கட்டிக்கொண்டிருக்கிறார், கோழியும் மீனும் சுடுகிற அடுப்பை வைப்பதற்கு. ரம்பம் ஓடி, சூடான மரத்தூள் வாசனை சமையலறைக்குள் வரும்போதெல்லாம் என் கை வேலையை விட்டுவிடுகிறது.

அப்பாவும் அப்படி ஒன்று கட்டினார். கோப்பெங்கிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்தில் அவர் டிராக்டர் ஓட்டுநர். பால் வெட்டுவது குறைந்து, ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்திய 'இஸ்மோக்கவுஸை' இடித்தபோது, வேண்டியவர்கள் பலகையை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்பா டிராக்டரில் இரண்டு நடை ஏற்றி வந்தார். பல வருடப் புகை குடித்துக் கறுத்த பலகைகள் அவை. அறுக்க அறுக்க ஷீட்டின் புளித்த வாடையும் புகையும் சேர்ந்து வீட்டைச் சுற்றிக்கொண்டன. மழை பெய்தால் எங்கள் வீட்டுப் பின்புறம் சேறாகிவிடும். பாதியாக வெட்டிய எண்ணெய்ப் பீப்பாயில், எங்கள் பேச்சில் 'தோங்', கரி போட்டு அப்பா மீன் சுடும்போது தோங் ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருக்கும். அதற்காகத்தான் முழங்கால் உயர மேடை. அதன் கால்களுக்குக் கீழே சிமெண்டுக் கல், தோங்குக்கு அடியில் தகரம், பலகைக்கும் பலகைக்கும் நடுவே நாலங்குல ஆணியின் கனத்துக்கு இடைவெளி. "மழைக்கு வழி விட்டாத்தான் பலகை நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவர் ஆணியை நகர்த்த, நானும் தங்கை சுகன்யாவும் பலகையின் இரு முனைகளில் உட்கார்ந்து அதை அசையாமல் பிடித்தோம். சுகுவுக்கு அப்போது நான்கு வயது. மேடை முடிந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே விளையாட்டு, அதன் விளிம்பிலிருந்து கீழே இருந்த மிளகாய்ப் பாத்திக்குள் குதிப்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மீன் சுட்டுச் சாப்பிட்டு முடித்ததும் அப்பா தூங்கப் போய்விட்டார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. கரியிலும் சாம்பலிலும் தண்ணீர் பட்டால் தோங் துருப்பிடிக்கும் என்பதால் மழைக்கு முன் இரண்டையும் வாரிவிட வேண்டும். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மா அங்கிருந்தே கேட்டார்: "வாணி, கரி ஆறிருச்சா பாரு."

பார்த்தேன். பார்க்க மட்டும் செய்தேன். சிவப்பு எங்கும் இல்லை, எல்லாம் சாம்பல் நிறம். புறங்கையை மேலே காட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். பள்ளிப் புத்தகம் மடியில் இருந்ததால் எழுந்திருக்கச் சோம்பல். சிவப்பு போய் நெருப்பு அணைவது வேறு, சூடு போய்க் கரி ஆறுவது வேறு என்பது எங்கள் வீட்டில் சுகுவுக்குக்கூடத் தெரியும். நான் பதில் சொன்னேன். எதையோ சொன்னேன். அம்மா நீளப் பிடி வைத்த குப்பைத் தகரத்தில் சாம்பலை வாரி, செடிக்கு உரமாகட்டும் என்று எப்போதும்போல் மிளகாய்ப் பாத்தியில் கொட்டிவிட்டு, மிச்சத் துணியை எடுக்கத் திரும்பினார்.

சுகு குதித்தாள்.

அலறலைப் பற்றி எழுத என்னால் முடியாது. அப்பா அவளை மடியில் வைத்து, பக்கத்து வீட்டு அண்ணனின் காரில் ஈப்போ மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். கேட்டவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொன்னார்: "நான்தான் கொட்டுனேன். என் கைதான்." நான் சொன்ன சொல்லைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு அப்பா மேடையைப் பெயர்த்து, பலகைகளை டிராக்டரில் ஏற்றி எங்கோ கொண்டுபோய்ப் போட்டார்.

இன்று காம்பாரில் வேலை பார்க்கும் சுகு தன் பாதத் தழும்பை எங்கள் மாநில வரைபடம்போலக் காட்டி, "பேராக் மேப்பு இது லா, ஈப்போ இங்க, தைப்பிங் இங்க" என்று சிரிக்கிறாள். ஆறாதவர் அம்மாதான். அந்த ஞாயிறுக்குப் பிறகு எந்தக் குழந்தையையும் தனியாகப் பார்த்துக்கொள்ள அவர் ஒப்புக்கொண்டதில்லை. என் மகள் யாழினிக்கு மூன்று வயது. அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். அவளை அம்மாவிடம் விட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசையில்லை.

போன சனிக்கிழமை அம்மா வந்தார். என் கணவர் பாதி முடிந்த மேடையைக் காட்டி, "அத்தை, மொத கோழி உங்களுக்குத்தான், ஏறி நில்லுங்க" என்றார். அம்மா சமையலறை வாசலைத் தாண்டவில்லை.

"நல்லா கட்டியிருக்கீங்க மாப்ள. நான் இங்கயே இருக்கேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னை நம்பி பிள்ளைய விடாதடி. வேற ஆள் பாரு" என்றார்.

இனியும் தாங்காது என்று நினைத்தேன். "அம்மா, அன்னைக்கு கரி ஆறிருச்சான்னு நீங்க கேட்டப்ப நான்..."

"நான் உன்னைக் கேக்கவே இல்ல" என்றார் அம்மா, நான் முடிப்பதற்குள். குரல் உயரவில்லை. "நீ படிச்சிக்கிட்டு இருந்த. நானாத்தான் கொட்டுனேன்."

அவர் கேட்டார். கொடியில் துணி, வானத்தில் இருட்டு, என் பெயர், எல்லாம் அப்படியே என் காதில் இருக்கிறது. ஆனால் சாட்சி சொல்ல அப்பா உயிரோடு இல்லை. எங்கள் வீட்டு வரிசை இருந்த இடத்தில் இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்கள் நிற்கின்றன. போய் நின்று பார்த்தேன், மேடை எங்கே இருந்தது, பாத்தி எங்கே இருந்தது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா உண்மையிலேயே மறந்துவிட்டாரா, அல்லது ஒன்பது வயதுப் பிள்ளை மேல் பழி விழக்கூடாது என்று அன்றே முடிவுசெய்து, இத்தனை வருடமும் அதைத் தன் மேல் போட்டுக்கொண்டு, கடைசியில் தன் பேத்தியைத் தூக்கவும் பயப்படும் அளவுக்கு அதைத் தானே நம்பிவிட்டாரா?

இதைப் படிப்பவர்களைக் கேட்கிறேன். நான் வற்புறுத்திச் சொன்னால், எனக்காக அவர் சுமந்ததெல்லாம் வீண் என்று சொல்வதாகுமா? சொல்லாமல் இருந்தால், என் மகள் தன் அம்மாச்சியின் கையில் வளரவே மாட்டாள். எந்தச் சொல்லைச் சொன்னேன் என்றே தெரியாதவள் எதை ஒப்புக்கொள்வது? உங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடந்திருந்தால், பேச்சை எப்படித் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். நான் வேலைக்குத் திரும்ப இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.