மூணு விரக்கடை வாட்டம்

உத்தமன் மேஸ்திரிக்குப் பொறாமை ஊரார் மேல் இல்லை, கட்டின பெண்டாட்டியின் பாதத்தின் மேல். சிரிக்காதீர்கள், நிஜம்தான். இருபத்திரண்டு வருஷமாக சிவாஜிநகரிலும் பிரேசர் டவுனிலும் மொட்டைமாடிக்குத் தளம் போட்டவன். மழைத்தண்ணீர் சொட்டுத் தேங்காமல் குழாயைப் பார்த்து ஓடும்படி தரைக்கு வாட்டம் கொடுப்பதில் அவனை அடிக்க ஆளில்லை. அவன் பெண்டாட்டி சீதாலட்சுமி அவனுக்கே சித்தாள், பதினெட்டு வருஷமாகக் கலவைச் சட்டி சுமக்கிறவள். தளம் காய்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நடை நடப்பாள். "மேஸ்திரி, இங்க லேசாப் பள்ளம்" என்பாள். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் பள்ளம் இருக்கும்.

இது வேலை கொடுக்கிறவர்கள் கண்ணில் பட்டுத் தொலைத்தது. போன் வந்தால், அக்கா வர்றாங்களா என்பதுதான் முதல் கேள்வி. டீ வந்தால் முதல் டம்ளர் அவளுக்கு. தரை பிரமாதம் என்று யாராவது சொன்னால் அதுவும் அவள் காலைப் பார்த்துத்தான். முட்டி தேய மண்டியிட்டுப் பூசினவன் எவன், அதைக் கேட்க நாதியில்லை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே மடக்கி வைத்த அவள் கால் விரல்கள் தெரியும், அவனுக்குச் சோறு இறங்காது.

இப்படி வயிறு எரிந்துகொண்டிருந்த சமயத்தில்தான் சஹானா மேடம் வீட்டு வேலை வந்தது. பிரேசர் டவுனில் பழைய பங்களா. மாமனார் சேஷகிரிக்கு இரண்டு முட்டியும் மக்கர். தண்ணீருக்குள் தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகக் குழி தோண்டாமல் தரை மேலேயே நிறுத்துகிற நீச்சல் தொட்டி ஒன்றை வாங்கியிருந்தார்கள். சுற்றிலும் கம்பிச் சட்டம், உள்ளே நீல ரெக்சின், இடுப்பளவு தண்ணீர். பின்பக்க மண்தரையைச் சமமாக்கிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அக்காவையும் அழைத்து வாருங்கள் என்றார் மேடம். அவளுக்கு ஜுரம் என்று உத்தமன் கூசாமல் புளுகினான். வீட்டில் அவளிடம், இது ஒரு ஆள் வேலை, நீ வீட்டிலேயே இரு என்றான். இந்த ஒரு தரையையாவது முழுக்கத் தன் கையால் போட்டு, தன் பேரை மட்டும் ஒருத்தர் வாயால் கேட்டுவிட வேண்டும். அந்த வெறி அவனுக்கு.

இரண்டு நாள் பேய் மாதிரி உழைத்தான். புல்லைச் செதுக்கி, மணல் கொட்டி நிரவி, தண்ணீர் தெளித்து, கட்டையால் அடித்து இறுக்கினான். பார்க்க அத்தனை அழகு. ஆனால் அந்தப் பாழாய்ப்போன கை இருக்கிறதே, அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். சமையல்கட்டுப் பக்கம் உசத்தி, கேட்டுப் பக்கம் தாழ்த்தி, மாடிக்குக் கொடுக்கிற அதே வாட்டத்தை இங்கேயும் கொடுத்துவிட்டது. ரசமட்டத்தை வைத்து, வாட்டம் கச்சிதமாக இருக்கிறது என்று அவனே தலையாட்டிக்கொண்டான்.

தொட்டியை நிறுத்தி, லாரித் தண்ணீர் இரண்டு லோடு விட்டார்கள். கேட்டுப் பக்கம் தண்ணீர் விளிம்பைத் தொட்டது. சமையல்கட்டுப் பக்கம் மூணு விரக்கடை கீழே நின்றது. கேட்டுப் பக்கத்துக் கம்பிக் கால்கள் வெளியே சாய ஆரம்பித்தன. சேஷகிரி இறங்கி நாலு எட்டு வைத்தார், ஐந்தாவதில் சறுக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மேடம் கத்தவே இல்லை. அக்காவுக்கு ஜுரம் விட்டதா, வர முடியுமா என்று மட்டும் கேட்டார். அதற்கு நாலு வசவு வைதிருந்தால் தேவலை.

சீதாலட்சுமி ஆட்டோவில் வந்து இறங்கினாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று மேடம் கேட்டதும் புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜுரம் விட்டுவிட்டது என்றாள். காட்டிக்கொடுத்திருந்தால்கூட அவனுக்கு ஆறியிருக்கும். புடவையைச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். வெளியே வந்து அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மாடிக்குக் குடுக்கிற வாட்டத்த இதுக்கும் குடுத்துட்டீங்க மேஸ்திரி. இது தண்ணி ஓடுற எடமில்ல, நிக்கிற எடம்."

அப்புறம் நடந்ததெல்லாம் அவள் ராஜ்யம். குடத்துக்கு அலைகிற இந்த ஊரில் காசு கொடுத்து வாங்கின லாரித் தண்ணீரைச் சாக்கடையில் விட யாருக்கு மனசு வரும்? அக்கம்பக்கத்து வீடுகளில் கன்னடத்தில் குரல் கொடுத்து டிரம்மும் குடமுமாக வரவழைத்து, தொட்டியைக் காலி பண்ணிக் கழற்றி வைக்கச் சொன்னாள். பள்ளத்தில் மணலை ரொப்பினால் தண்ணீர் பாரத்தில் அமுங்கிவிடும், மேட்டைத்தான் வெட்ட வேண்டும் என்றாள். அவள் நடந்து கால் கட்டைவிரலால் காட்டிய இடத்தை அவன் செதுக்கினான், செதுக்கிய மண்ணைச் சட்டியில் அள்ளி அவனே சுமந்தான். மறுநாள் தொட்டியை நிறுத்தி மறுபடி தண்ணீர் விட்டார்கள். சுற்றிலும் ஒரே மட்டம். சேஷகிரி எதையும் பிடிக்காமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

பக்கத்துத் தெருவில் தன் சிநேகிதி வீட்டிலும் இதே வேலை இருக்கிறது என்று மேடம் போனை எடுத்து நம்பர் கேட்டார். எங்கே போனாலும் கொடுக்கிற நம்பர் உத்தமனுடையதுதான். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். அதற்குள் சீதாலட்சுமி தன் நம்பரைக் கன்னடத்தில் கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். பத்து எண்ணில் ஒன்றில்கூடத் தடுக்கவில்லை. என்ன பேர் போட்டுக்கொள்ள என்று மேடம் கேட்டார்.

"சீதாலட்சுமி மேஸ்திரி."

ஆட்டோவில் சட்டியும் கரண்டியும் உத்தமன் மடியில் இருந்தன. டேனரி ரோடு திரும்பும்போது அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"பதினெட்டு வருஷமா எல்லாரும் உங்களத்தான் மேஸ்திரின்னு கூப்புட்டாங்க. அதக் கேட்டுக் கேட்டு எனக்கு எரியலன்னா நெனச்சீங்க?"