நரித்திடலில் மூன்று நண்டுதின்னிகள்

பறவை எண்ணுவதுதான் என் வேலை என்று சொன்னால், "அது சரி, வேலைக்கு எங்க போறீங்க?" என்று கேட்கிற உலகம் இது. ஆவணி வெயிலில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, தூரத்தில் ஓடும் ஐந்நூறு புள்ளிகளில் எது எந்த உள்ளான் என்று கண்ணைக் கசக்கிப் பார்த்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், கோபமில்லை.

நான் குத்தாலத்துக்காரி. விலங்கியல் படித்தேன், ஒப்பந்தத்தில் இந்த வேலைக்கு வந்தேன். அந்த வருஷம் எனக்குக் கிடைத்த இடம் அதிராம்பட்டினம் பக்கத்தில் நரித்திடல் என்கிற கடலோரச் சேற்று நிலம். அதை வெட்டி இறால் குட்டை போட ஒருவர் அனுமதி கேட்டிருந்தார். வடக்கிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பறவைகள் வர ஆரம்பிக்கிற ஆவணி, புரட்டாசியில் அங்கே என்னென்ன இறங்குகிறது என்று நான் பட்டியல் கொடுக்க வேண்டும். அபூர்வமாக ஏதாவது இருந்தால் திடல் பிழைக்கும். இல்லையென்றால் குட்டைதான்.

சர்வே நம்பர்

மூன்று கால் ஸ்டாண்டில் தொலைநோக்கியை வைத்துக் குனிந்து பார்க்கிறவள் நிலம் அளக்க வந்தவள் என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லோரும் முடிவுகட்டுவார்கள். முதல் வாரத்திலேயே மூன்று பேர் பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்தார்கள். ஒருவர் ஜமாபந்தியில் கொடுத்த பழைய மனுவின் நகலையும் சேர்த்து நீட்டினார். வாங்க மறுத்தால் முறைத்தார். "பறவை பார்க்க வந்தேன்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

திடலை ஒட்டி வயல் வைத்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும் நான் சொன்னதை நம்பினார். காட்டுங்கள் பார்க்கலாம் என்றார். வரப்பில் நின்ற நாரை ஒன்றைக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை, நம் ஜாதியில் ஒருத்தர் சேர்ந்துவிட்டார் என்று. பிறகு நிமிர்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நல்லாத் தெரியுதும்மா. இப்ப அது எந்த சர்வே நம்பர்ல நிக்குது? என்னோடதுலயா, எங்க பங்காளியோடதுலயா?"

அசையாத பறவை

டீக்கடைச் சுவர்களில் ஒரு தாள் ஒட்டினேன். "அபூர்வமான பறவை எதையாவது பார்த்தால் தகவல் சொல்லுங்கள்" என்று எழுதி, கீழே என் போன் நம்பர். அது நான் செய்த பாவம். காணாமல் போன வான்கோழிக்கு இரண்டு அழைப்பு வந்தது. கிளி ஜோசியம் பார்ப்பீர்களா என்று ஒரு அம்மாள் கேட்டார். பத்தாவது நாள் மல்லிப்பட்டினத்திலிருந்து ஒருவர் பதற்றமாகக் கூப்பிட்டார். கருவை மர உச்சியில் ஆள் உயரத்துக்கு வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது, சிறகை விரித்து விரித்து மூடுகிறது, உடனே வாருங்கள் என்றார்.

போனேன். வழியில் ஸ்கூட்டர் பஞ்சர். இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால், உர மூட்டைச் சாக்கு ஒன்று முள்ளில் மாட்டிக்கொண்டு காற்றில் உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து அந்த மனிதர் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றுவிட்டு, பெருமையாகச் சொன்னார்:

"ஒருத்தரும் வெரட்டாம பாத்துக்கிட்டேங்க. நீங்க வர்ற வரைக்கும் பறக்கவே இல்ல பாருங்க."

சாட்சி

ஆவணி முடிய நாலு நாள் இருக்கும்போது, திடலில் மூன்று நண்டுதின்னிகளைப் பார்த்தேன். கறுப்பும் வெள்ளையுமாக, நெட்டைக் காலோடு, நண்டு ஓட்டை உடைக்கத் தோதான தடித்த அலகோடு. ஓமன், அபுதாபி கடற்கரை மணலில் வளை தோண்டி முட்டையிடுகிற பறவை அது. கடலைத் தாண்டி நம் கரைக்கு வரும். இந்த ஜில்லாவில் அதைப் பார்ப்பது குதிரைக் கொம்பு. முந்தின நாள் சேற்றில் விழுந்திருந்ததால், ஆபீஸ் கேமரா நனைந்துவிடப் போகிறதே என்று அதை ஸ்கூட்டர் பெட்டியிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்திருந்தேன். காலைச் சேற்றிலிருந்து பிடுங்கி, ஓடி, எடுத்துக்கொண்டு திரும்பினால் திடலில் கால் தடம்தான் இருந்தது.

சென்னையிலிருக்கும் என் மேலாளருக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். நல்ல மனிதர். முழுவதும் கேட்டுக்கொண்டார்:

"நான் நம்புறேன்மா. ஆனா என் நம்பிக்கைய ரிப்போர்ட்ல ஒட்ட முடியாதே."

அபூர்வம்

அடுத்த இரண்டு வாரமும் கேமராவைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு திரிந்தேன். ஒன்றும் வரவில்லை. கடைசியில், பக்கத்துக் குப்பத்தில் நண்டு வலை போடும் செல்வம் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒன்றும் யோசிக்கவில்லை. காலையில் தண்ணி வத்தும்போது வாங்க என்றார். என்னைப் படகுக்குள் குப்புறப் படுக்க வைத்து, அவர் சேற்றில் இறங்கித் தள்ளிக்கொண்டே போனார். திடலின் கடலோர முனையில் மூன்றும் நின்றன, ஊராட்சிக் கூட்டத்துக்கு வந்தவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு. பதினோரு படம் எடுத்தேன். படகு ஆடியதில் நாலு கலங்கிப்போனது, மீதி ஏழும் கண்ணாடி மாதிரி இருந்தது.

படகிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். திடல் பிழைத்தது என்றே நினைத்தேன். இது எவ்வளவு அபூர்வம் தெரியுமா அண்ணே என்றேன். அவர் வலையை உதறிக்கொண்டே சொன்னார்:

"வருசா வருசம் பாக்குறேம்மா. எங்களுக்கு முந்தி வந்து நண்ட எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. நீங்க படம் எடுத்ததும்தான் அபூர்வமாயிட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நம் தொழிலில் எல்லோருக்கும் உள்ள அரிப்புதான். அபூர்வமான ஒன்றைப் பார்த்தால், அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் குழுவில் போட்டாக வேண்டும். 'தஞ்சாவூர்க் கடற்கரை' என்று மட்டும் போட்டிருக்கலாம். நான் எந்த வளைவில் திரும்ப வேண்டும், எங்கே வண்டியை விட வேண்டும் என்பதுவரை எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது கார் வந்தது.

பீரங்கி மாதிரி லென்ஸ்களோடு சேற்றில் வரிசையாக இறங்கினார்கள். பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் மண்ணாங்கட்டியை எடுத்துப் பறவைகளைப் பார்த்து வீசினார். நான் கத்திக்கொண்டே ஓடினேன். மூன்றும் எழும்பி, தெற்கே கடல் பக்கம் போய், மறைந்தே போயின. அந்த மனிதர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டு என்னிடம் சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்க மேடம். நிக்கிற படம் எடுத்தாச்சு, பறக்கிறதுதான் பாக்கி இருந்துச்சு."

குடியிருப்பு

செவ்வாய்க்கிழமை, குட்டைக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரி நேரில் பார்க்க வந்தார். வெயில் ஏறி இறங்கும்வரை திடலில் நின்றோம். நாலு உள்ளானும் ஒரு காக்கையும்தான் வந்தன. நான் என் ஏழு படத்தையும் காட்டினேன். அவற்றைப் பொறுமையாகப் பார்த்தார், அதில் குறை சொல்ல முடியாது. எத்தனை மாதம் இங்கே இருக்கும் என்று கேட்டார். சில வாரம் இருக்கும், பிறகு இலங்கைப் பக்கம்கூடப் போகும் என்று உள்ளதைச் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். இன்றுவரை அதுவும் மனதில் கிடந்து அறுக்கிறது. அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்:

"வந்துட்டுப் போறதுதானேம்மா? இங்கயே குடியிருக்கிற பறவை ஏதாவது இருந்தா சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

பாய் கடை

தீபாவளிக்கு முன்பே அனுமதி வந்துவிட்டது. பொக்லைன் இறங்கிய அன்று, திடலுக்குத் திரும்பும் முக்கில் ஜமால் பாய் கடையில் உட்கார்ந்திருந்தேன். வந்த நாளிலிருந்து எனக்கு டீ போட்டுக் கொடுத்தவர். என்ன வேலை என்றுகூட ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்கு என் கண்ணைப் பார்த்துவிட்டு என்னம்மா என்றார். அதிகாரி சொன்னதை அப்படியே சொன்னேன்.

டீயை ஆற்றிக்கொண்டே, அது எங்கேயிருந்து வருகிற பறவை என்று கேட்டார். மஸ்கட் பக்கம் பாய், என்றேன். ஆற்றுவதை நிறுத்தினார். தூரத்தில் பொக்லைன் மண்ணை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. அதைக் காட்டிக் கேட்டார்:

"எம் மவனுங்க ரெண்டு பேரும் மஸ்கட்லதான் இருக்காங்க. வருசத்துக்கு ஒரு மாசம்தான் வருவாங்க. குடியிருக்கலன்னு வூட்ட இடிச்சுப்புட்டா, அடுத்த வருசம் வந்து எங்கேம்மா எறங்குவாங்க?"

நரித்திடலைக் கணக்கெடுக்கும் இடங்களின் பட்டியலிலிருந்து எடுக்கும்படி யாருக்கும் உத்தரவு வராததால், இந்த ஆவணியிலும் நான் பதினான்கு இறால் குட்டைகளுக்கு நடுவே தொலைநோக்கியோடு நின்று, நண்டுதின்னிக்கு நேராக முறைப்படி சைபர் போட்டுக் கையெழுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.