கேட்டுக்காரி கட்டிய மூட்டை

பொன்னுத்தங்கத்தைக் கண்டால் கம்பெனியில் ஒருத்திக்கும் ஆகாது. அவளுக்கும் ஒருத்தியையும் கண்டால் ஆகாது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் கேட்டில் நின்று, வேலைக்கு வரும் பெண்களைச் சோதனை போட்டு உள்ளே விடுவது அவள் வேலை. செல்போன், தீப்பெட்டி, இரும்புக் கொண்டை ஊசி என்று எதுவும் அவள் கையைத் தாண்டி உள்ளே போனதில்லை. எல்லாவற்றையும்விடத் துணியில்தான் கண்டிப்பு. வருகிறவளின் முந்தானையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக் கசக்குவாள். நைலான் ஓர் இழை கலந்திருந்தாலும் விரல் சொல்லிவிடும்.

"வீட்டுக்குப் போயி சேலையை மாத்திட்டு வா."

அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அழுதாலும் கெஞ்சினாலும் அன்றைய சம்பளம் போனது போனதுதான். நைலான் உரசினால் பொறி தட்டும், பட்டாசு மருந்துக்கு அந்தப் பொறி போதும். அதற்காகவே மருந்து ரூம் வாசலில் செம்புத் தகடு பதித்திருக்கிறார்கள். உள்ளே போகிறவர்கள் வெறுங்காலோடு நின்று அதைத் தொட்டு, உடம்பில் ஏறிய கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கிவிட்டுத்தான் போகவேண்டும். ஒருமுறை முதலாளியின் மருமகளே பளபளவென்று ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். அவளையும் வெயிலில் நிறுத்திவைத்தவள் பொன்னுத்தங்கம். அந்தக் கதையை அவள் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லும்போது நிறுத்தச் சொன்னதும் இல்லை.

இப்படி ஊரையே கசக்கிப் பார்க்கிறவளுக்கு வீட்டில் வாய்த்தவர் நாகையா. லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். வாடகையைக் குறைத்துக் கேட்டால் சரி என்பார், காத்திருக்கச் சொன்னால் சரி என்பார். காய்கறி வாங்கப் போனால் கடைக்காரன் சொத்தைக் கத்திரிக்காயெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு இவர் வரவை எதிர்பார்த்திருப்பான். 'மனுசன்னு பேரு, ஆளு மண்ணு' என்பது பொன்னுத்தங்கத்தின் தீர்ப்பு. அதை அவர் காதுபடவே சொல்வாள். அவர் அதற்கும் சரி என்பதுபோல்தான் சிரிப்பார்.

தீபாவளி முடிந்து கம்பெனியைச் சாத்திய நாட்களில், தெருவில் நாலைந்து குடும்பம் சேர்ந்து கொடைக்கானலுக்கு வேன் பேசினார்கள். வருசாவருசம் பேசுவதுதான். வருசாவருசம் பொன்னுத்தங்கம் வீடு மட்டும் போகாது. காரணம் அவர்களுடைய ஒரே மகள் ஓவியா. ஒன்பது வயதுப் பிள்ளை, குளிர் பட்டால் மூச்சு இளைப்பு வந்துவிடும். போன வருசம் வேன் கிளம்பிப் போகையில், தெருமுனை வரைக்கும் பின்னாலேயே ஓடிப்போய் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. அதைப் பார்த்தபோது பொன்னுத்தங்கத்துக்கே பொறுக்கவில்லை. இந்த வருசம் டாக்டரிடம் கேட்டதில், உறிஞ்சும் மருந்தைக் கையோடு வைத்துக்கொண்டு, நெஞ்சில் குளிரோ ஈரமோ படாமல் பார்த்துக்கொண்டால் போகலாம் என்றார். பிள்ளையை இளைப்பு இல்லாமல் கூட்டிப்போய்க் கூட்டிவருவது தன் பொறுப்பு என்று பொன்னுத்தங்கம் அங்கேயே முடிவு செய்துவிட்டாள். மூட்டை கட்டும் வேலையில் இன்னொருத்தர் கைவைக்கக் கூடாது என்பதும் அதில் சேர்த்தி.

செய்தி எப்படியோ திருப்பூருக்குப் போய்விட்டது. அங்கே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் நாகையாவின் தங்கை மாரிச்செல்வி, பஸ் பார்சலில் ஒரு பெரிய பொதியே அனுப்பிவிட்டாள். மூன்று பேருக்கும் ஜெர்கின், ஸ்வெட்டர், கைக்கு உறை, காதை மூடக் குரங்குக் குல்லா. ஓவியாவுக்கு வந்தது சிவப்பு ஜெர்கின். பிள்ளை அதைக் கட்டிக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்கும் குதித்தது.

பொன்னுத்தங்கம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்தாள், கசக்கினாள், வாசல்பக்கம் வீசினாள். ஜெர்கின் நைலான், போச்சு. ஸ்வெட்டர் பாலியஸ்டர், போச்சு. குல்லாவை மட்டும் கொஞ்ச நேரம் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"அது கம்பளி புள்ள, ஆட்டு முடி," என்றார் நாகையா.

"ஆட்டு முடி உரசுனா மட்டும் பொறி வராதோ? கம்பெனியில கம்பளியையும்தான் விடமாட்டோம்."

குல்லாவும் வாசலுக்குப் போனது. நாகையா தலையைச் சொறிந்தார்.

"கம்பெனிக்குச் சரி. கொடைக்கானல்ல மருந்தா காயப் போட்டிருக்கான்?"

"அங்கன குளிருக்குத் தெருவுக்குத் தெரு தீ மூட்டிக் காயுவாக. பிள்ளை பக்கத்துல போயி நிக்கும். ஒரு பொறி போதும். நீங்க வண்டிக்கு டயர் தேயுதான்னு பாருங்க, போதும்."

சொல்லிவிட்டு ஓவியாவின் கையிலிருந்த சிவப்பு ஜெர்கினையும் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் அது பிள்ளையின் தலையில் உரசி, நாலைந்து முடி குத்திட்டு நின்றது. ஓவியா கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். பொன்னுத்தங்கம் சிரிக்கவில்லை. அவளுக்கு முகமே மாறிவிட்டது.

அவளுடைய அக்காள் ராமுத்தாய் பட்டாசுக் கம்பெனியில் வெந்து செத்தவள். பொன்னுத்தங்கத்துக்குக் கல்யாணமாவதற்கு முன்பு நடந்தது அது. ஆஸ்பத்திரியில் அக்காளின் தோள்மேல் ஒட்டியிருந்ததைத் துணி என்று நினைத்து எடுக்கப் போனாள். நர்ஸ் கையைத் தட்டிவிட்டாள். சேலை உருகித் தோலோடு தோலாய்ப் போயிருந்தது. பருத்தியாக இருந்திருந்தால் எரிந்து உதிர்ந்திருக்கும், உயிராவது தங்கியிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பேச்சு அவள் மண்டையில் ஆணியாக இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவள் வீட்டில் நைலானில் ஒரு கைக்குட்டைகூட நுழைந்ததில்லை. முதலாளி அவளைக் கேட்டில் நிறுத்தியது பிறகுதான். அதற்கு முன்பே அவள் மனசுக்குள் கேட்டுப் போட்டு வருசங்கள் ஆகியிருந்தன.

ஆகவே மூட்டை பருத்தியிலேயே கட்டப்பட்டது. கனத்த துப்பட்டி, சுங்குடிச் சேலையை நாலாய் மடித்துத் தைத்த போர்வை, ஓவியாவுக்குப் பாவாடை சட்டைக்கு மேலே போட இரட்டைத் துணியில் தைத்த மேல்சட்டை, தலைக்குக் கட்டத் துண்டு. பக்கத்து வீட்டு வீரலட்சுமி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, டூருக்குப் போறீகளா, இல்ல வெளுக்கப் போறீகளா?" என்றாள். அவள் ஆன்லைனில் வாங்கிய ரோசாக் கலர் ஸ்வெட்டரை அப்போதே போட்டுக்கொண்டு, சிவகாசி வெயிலில் வேர்த்து வடிந்துகொண்டிருந்தாள். பொன்னுத்தங்கம் அவளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். பதில் சொல்லும் அளவுக்குக்கூட அவளை மதிக்கவில்லை.

நாகையாவுக்கு இரண்டு வேலை கொடுக்கப்பட்டது. பொதியைத் திருப்பூருக்கே திருப்பி அனுப்புவது ஒன்று. சாத்தூர் போய், வழியில் கொறிக்க ஒரு டின் நிறையக் காரச்சேவு வாங்கிவருவது இன்னொன்று. இரண்டையும் முடித்துவிட்டு மனுசன் சாயங்காலம் வந்தார். பொன்னுத்தங்கம் டின்னை வாங்கினாள். வாங்கியதுமே கை சொல்லிவிட்டது.

"என்ன இம்புட்டு இலேசா இருக்கு?"

மூடியைத் திறந்தாள். சேவு விளிம்புவரை இருந்தது. நாகையா வாசல்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிறுக்கும்போது தராசைப் பார்த்தீகளா, தெருவுல போற வண்டியப் பார்த்தீகளா?"

"பார்த்தேன்… பார்த்த மாதிரிதான் இருந்துச்சு."

"ஏமாத்திட்டான்! உங்க மூஞ்சியப் பார்த்ததுமே தெரிஞ்சிருக்கும் அவனுக்கு. சின்னப் பிள்ளையை அனுப்பியிருந்தாக்கூட முழு எடைக்கு வாங்கியாந்திருக்கும். உங்களையும் ஒரு ஆம்பளைன்னு நம்பிக் கடைக்கு அனுப்புனேன் பாருங்க, என்னையச் சொல்லணும்."

படாரென்று மூடியைச் சாத்தினாள். வேன் ஏறும் வரையிலும் அந்தச் சேவுப் பேச்சு ஓயவில்லை. வேனில் ஏறியபிறகும், வத்தலக்குண்டு தாண்டும் வரை, முன் சீட்டுக்காரர்களுக்கும் சேர்த்துச் சொன்னாள். நாகையா டின்னைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி வந்தார்.

கொடைக்கானலில் இறங்கும்போது நல்ல வெயில். பொன்னுத்தங்கத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஏரிக்கரையில் ஸ்வெட்டரும் குல்லாவுமாய் நடந்த கூட்டத்தைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். வீரலட்சுமி ரோசா ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டதைக் கண்டு மனசுக்குள் அப்படி ஒரு திருப்தி. "குளிராம்ல குளிரு," என்று நாகையாவிடம் சொன்னாள். ஓவியா குதிரையைப் பார்த்தாள், ஏரியைப் பார்த்தாள், வாயிலிருந்து புகை வருகிறதா என்று ஊதி ஊதிப் பார்த்தாள். அந்தப் பிள்ளை அவ்வளவு சந்தோசமாக இருந்து பொன்னுத்தங்கம் பார்த்ததில்லை.

மத்தியானம் எல்லோரும் ஒரு மேட்டில் ஏறிப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பள்ளத்தாக்கே காணாமல் போனது. பஞ்சு மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதுபோல் மேகம் வந்து மூடியது. பின்னாலேயே மழை. சிவகாசி மழையென்றால் கொட்டிவிட்டுப் போய்விடும். இது சன்னமாகப் பிடித்து, நின்று, மறுபடியும் பிடித்தது. ஒதுங்க ஒரு தகரக் கொட்டகைதான் கிடைத்தது. வேன் கீழே எங்கேயோ நின்றது. அதற்குள் துப்பட்டி நனைந்து, பிழிந்தால் சொட்டும் அளவுக்குக் கனத்துவிட்டது. நாலு மடிப்புச் சேலையும் நாலு மடிப்பு ஈரமாகிவிட்டது. பருத்தித் துணி நனைந்தால் அந்தக் குளிரில் காயவே காயாது என்பது பொன்னுத்தங்கத்தின் விரலுக்குத் தெரிந்திருக்கவில்லை. சிவகாசியில் அதைத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

ஓவியாவுக்கு முதலில் பல் தட்டியது. பிறகு நெஞ்சில் அந்தச் சத்தம் கேட்டது. பூனை உறுமுவதுபோல் ஆரம்பித்து விசிலாக மாறும் சத்தம். பொன்னுத்தங்கம் உறிஞ்சும் மருந்தைக் கொடுத்தாள். ஈர மேல்சட்டையைக் கழற்றினாள். மாற்றிப் போட மூட்டைக்குள் கைவிட்டாள். எடுத்ததெல்லாம் ஈரம். மறுபடி கைவிட்டாள், மறுபடியும் ஈரம். பக்கத்தில் வீரலட்சுமி ரோசா ஸ்வெட்டருக்குள் தன் பிள்ளையையும் சேர்த்துப் பொத்திக்கொண்டு நின்றாள். பொன்னுத்தங்கத்தால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.

நாகையா கீழே குத்தவைத்தார். டின்னைத் திறந்து, சேவை மூடியில் கொட்டினார். சேவு மேலாக நாலு விரல் கனத்துக்குத்தான் இருந்தது. அதற்குக் கீழே பாலித்தீன் பையில் இறுக்கி மடித்து, சுருட்டிக் கட்டியபடி, ஈரம் ஒரு சொட்டுப் படாமல் சிவப்பு ஜெர்கின்.

பொன்னுத்தங்கம் அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கை தானாக நீண்டு, துணியை இரண்டு விரலால் கசக்கியது. சுத்த நைலான். அக்காளின் தோள் கண்முன் வந்து போனது. ஓவியாவின் விசில் சத்தம் கேட்டது. யாராவது எங்கேயாவது தீ மூட்டியிருக்கிறார்களா என்று சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். எங்கும் மழைதான்.

செருப்பை உதறிவிட்டு, கொட்டகை ஓரத்து ஈர மண்ணில் வெறுங்காலோடு இறங்கினாள். "ஏட்டி, செருப்பைக் களட்டு. இங்கன வா." ஓவியாவைத் தன் பக்கத்தில் குனியவைத்து, பிள்ளையின் கையைத் தரையில் பதிய வைத்து, அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். செம்புத் தகடு இல்லாத ஊரில் அவளுக்குத் தெரிந்தது அதுதான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அந்தத் தெருக்கூட்டமே பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மருந்து ரூமுக்குப் போய்வருகிறவர்கள்தானே. பிறகு பிள்ளையின் உடம்பை நாகையாவின் டவுசர் பையில் நனையாமல் கிடந்த கைக்குட்டையால் துடைத்து, ஜெர்கினைப் போட்டு, ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றினாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். மழை விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, ஒரு வழியாக விசில் தணிந்து, உறுமலாகி, அதுவும் அடங்கியது.

அப்போதுதான் அவள் புருசனைத் திரும்பிப் பார்த்தாள். ஈரச் சட்டையோடு, இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. அவளுக்கும் நடுக்கம்தான். அந்த நிலையிலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒண்ணை ஒளிக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு மூணையும் ஒளிக்கத் தெரியலையா?"

"மூணும் வச்சா சேவுக்கு இடம் ஏது புள்ள? சேவு இல்லாட்டி நீ கையை விட்டுப் பார்த்திருப்ப." நாகையா பல் தட்டத் தட்டச் சொன்னார். "எடை குறைஞ்சிருந்தா மட்டும் பார்க்கமாட்ட. நான் ஏமாந்துட்டு வந்திருக்கேன்னுதான் நினைப்பன்னு எனக்குத் தெரியும்."

கேட்டில் ஒருத்தியும் ஏமாற்றியதில்லை அவளை. பொன்னுத்தங்கம் மூடியில் குவிந்திருந்த சேவில் ஒரு கை அள்ளி, குளிரில் விறைத்திருந்த அவர் கையைக் கக்கத்திலிருந்து இழுத்து, அதில் வைத்தாள்.