காணாமல் போன பதினாறு பக்கங்கள்

ஆடி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கடல் இருந்தது. கோயமுத்தூரில் கடல் ஏது என்று கேட்பவர்கள் தொள்ளாயிரம் பக்க நாவல் எதையும் படித்திருக்க மாட்டார்கள். புத்தகக் கண்காட்சியில் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்த தடித்த புத்தகம் அது. சின்னதாக ஒரு துறைமுக ஊர். கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவன். அவன் வந்துவிடுவான் என்று வாசல் விளக்கை அணைக்காமல் காத்திருக்கும் அவன் மனைவி. கதை இவ்வளவுதான். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று எங்கள் ஜன்னல் கதவை அடிக்கும்போதெல்லாம் எனக்கு அலைச் சத்தம் கேட்டது. சிங்காநல்லூர்க் கடைவீதியில் கீரை வாங்க நிற்கும்போது காலடியில் மணல் நழுவுகிற மாதிரி இருக்கும். கீரைக்காரம்மா, "ஏனுங்க்கா, கட்டு வேணுமா வேண்டாமுங்களா?" என்று இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் கரையேறுவேன்.

சின்ன வயதிலிருந்தே நான் இப்படித்தான். மில் ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் மேஜை இழுப்பறையை நாலு விரல் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள் படித்தவள். ஒரு துப்பறியும் கதையின் கடைசி அத்தியாயத்தில் மேலாளர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட, "கொலையை அவர் செய்யலைங்க" என்று பதில் சொல்லியிருக்கிறேன். அந்த மனிதர் அதற்கப்புறம் என்னைக் கொஞ்சம் தள்ளி நின்றேதான் கூப்பிடுவார். மில் மூடி, நானும் வீட்டோடு ஆன பிறகு இழுப்பறைக்கு அவசியமில்லாமல் போனது. யாராவது போன் செய்து என்னைக் கேட்டால் என் வீட்டுக்காரர், "அம்மணி ஊட்டுல இல்லீங்க, கதைக்குள்ள போயிருக்குது. வந்ததும் சொல்றனுங்க" என்பார். சொந்தக்காரர்கள் இதற்குச் சிரித்துச் சிரித்து இப்போது சிரிப்பதையே விட்டுவிட்டார்கள்.

அவர் மட்டும் என்னவாம். லேத் பட்டறை வைத்திருந்தவர். பம்பு செட்டுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்தவர். கை எண்ணெயைத் துடைத்துவிட்டுத் தொடர்கதை படித்தவர். நூலளவு பிசகினாலும் பீஸ் வீண் என்று பழகியதால் படிப்பதும் அதே மாதிரிதான், ஒரு சொல்லைக்கூடத் தாண்ட மாட்டார். கையில் எப்போதும் பென்சில் இருக்கும். அச்சுப்பிழை கண்ணில் பட்டால் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு. அமாவாசைக்கு மறுநாள் ஊரெல்லாம் பால் நிலா காய்ந்ததாக எழுதிய ஒரு நாவலுக்காக, பதிப்பகத்துக்கே போன் போட்டு, "ஏனுங்க, உங்க ஊர்ல நெலா எப்படிங்க வளருது?" என்று கேட்டவர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் போனை வைத்ததும் இருவரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே இன்னும் நாலு தப்பு இருந்திருக்கலாம்.

எந்தப் புத்தகமானாலும் எங்கள் வீட்டில் ஒரே பிரதிதான். காலையில் அவருடையது. ஆறு மணிக்குக் காப்பியோடு மாடி வராந்தாவுக்குப் போனால் குளத்துப் பக்கம் நாரைகள் பறப்பதைக் கொஞ்சம் பார்ப்பார், பிறகு படிப்பார். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் என்னுடையது. நிறுத்திய பக்கத்தில் வைக்க அவருக்கு ஒரு அட்டை, எனக்கு ஒன்று. நான் எப்போதும் நாற்பது ஐம்பது பக்கமாவது முன்னால் இருப்பேன். முன்னால் இருப்பவர் பின்னால் வருபவரிடம் கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. கல்யாணமான புதிதில் நான் ஒரு கொலைகாரனைக் காட்டிக் கொடுத்து, அவர் இரண்டு நாள் பேசாமல் இருந்த பிறகு வந்த சட்டம் இது.

கடல் நாவலில் நான் பாதியைக்கூடத் தொடாதபோது தங்கை மகளுக்குச் சென்னிமலையில் கல்யாணம் வந்தது. அவர் வரவில்லை. "ஒறம்பரை, சொந்தம்னு அந்தக் கூட்டத்துல எனக்கு ஆகாது அம்மணி, நீ போய்ட்டு வா" என்றார். கல்யாணப் பரபரப்புக்கு நடுவே அந்தத் துறைமுக ஊருக்கு ஏங்கிக்கொண்டிருந்தேன். மணவறைப் புகையில் எனக்கு மட்டும் கருவாட்டு வாசம் அடித்தது. நாலு நாள் கழித்துத் திரும்பி வந்து புத்தகத்தைத் திறந்தால், அவருடைய அட்டை என் அட்டையைத் தாண்டி அறுபது பக்கம் போயிருந்தது. எனக்குச் சுருக்கென்று ஒரு பொறாமை. "பரவாயில்லீங்களே, இந்த வாட்டி என்னையவே முந்திப்போட்டீங்க!" என்றேன். அவர் சிரித்தார். "கதை அப்படி இழுக்குது" என்றார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். வெளியே காற்று. முருங்கை மரம் தரை வரைக்கும் வளைந்து எழுந்துகொண்டிருந்தது. கதையில் அந்த மனைவி, யாரும் துணைக்கு வராததால், தானே ஒரு படகை எடுத்துக்கொண்டு கணவனைத் தேடிக் கிளம்பிவிட்டாள். துறைமுகச் சுவரைத் தாண்டுகிறாள். முதல் பெரிய அலை வருகிறது. பக்கத்தைத் திருப்பினேன். அவள் மறுபடியும் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கனவு கண்டிருக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டேன், அழகாகத்தான் இருந்தது. அரைப் பக்கம் போன பிறகுதான் இதை நேற்றே படித்தோமே என்று உறைத்தது. மேலே பக்க எண்ணைப் பார்த்தேன். முந்நூற்று முப்பத்தாறுக்கு அடுத்து முந்நூற்று இருபத்தொன்று. பதினாறு பதினாறு பக்கமாக மடித்துச் சேர்த்துத் தைப்பார்கள் அல்லவா, அதில் ஒரு மடிப்பு இரண்டு முறை விழுந்து, அடுத்த மடிப்பு விட்டுப்போயிருந்தது. அதற்கப்புறம் கதை முந்நூற்று ஐம்பத்து மூன்றுக்குத் தாவி, அவள் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தாள். கடலில் என்ன நடந்தது என்பது போயே போய்விட்டது.

பைண்டிங் செய்தவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே வாய் நின்றுபோனது. இந்த இடத்தை இவர் தாண்டிப் போயிருக்கிறாரே.

நிலாவுக்காகப் போன் போட்டவர். பதினாறு பக்கம் காணாமல் போனதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீடே இரண்டாகியிருக்க வேண்டாமா?

புத்தகத்தின் முதல் பக்கத்துக்குப் போய், ஓரங்களை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்பதாம் பக்கத்தில் பென்சில் கோடு. இருபத்திரண்டில் ஒன்று. நாற்பதில் இரண்டு. ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு கோடு, அதுவும் ஓரத்தில் இல்லாமல் வரிக்கு மேலேயே கோணலாக விழுந்திருந்தது. அதற்குப் பிறகு எங்கும் எதுவும் இல்லை. நூற்றுப் பன்னிரண்டில், அதுவரை தம்பியாக இருந்தவன் திடீரென்று அண்ணன் ஆகியிருந்ததை நானே கவனித்திருந்தேன். அங்கேயும் ஓரம் வெள்ளையாக இருந்தது.

மாடிக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அந்தப் பொம்பள படகெடுத்துட்டுப் போனாளே, பொறவு என்னாச்சுங்க?"

"அதெப்படிச் சொல்றது? நம்ம சட்டம் என்னாகறது?" என்றார். சிரிக்கத்தான் செய்தார், ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என் தோளுக்கு அந்தப் பக்கம் யாரையோ பார்த்துச் சிரித்தார். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். புத்தகத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தேன்.

"ஒரே ஒரு வரி. படிங்க."

விரலை வரிமேல் வைத்தார். தலையை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். காற்று பக்கங்களைப் புரட்டிவிட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை, வேறொரு பக்கத்தின் மேல் விரல் இருந்தது.

"நடுவுல மட்டும் சாம்பல் பூசுன மாதிரி இருக்குது அம்மணி" என்றார். "ஓரத்துல எல்லாம் தெரியுது. உன்னயப் பாத்தா மூஞ்சியத் தவிர மீதியெல்லாம் தெரியுது."

எத்தனை நாளாக என்று கேட்டேன். சித்திரையிலிருந்து மங்கி மங்கி, இந்தப் புத்தகத்தை ஆரம்பித்த கொஞ்ச நாளில் எழுத்தே தெரியாமல் போனது என்றார். சர்க்கரை வியாதி கண்ணுக்கும் வந்திருக்கும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. தினமும் காலையில் மாடிக்குப் புத்தகத்தைத் தூக்கி வந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, கீழே போகும்போது ஒரு நகத் தடிமன் அளவுக்குத் தாள்களைத் தடவிப் பார்த்து அட்டையை நகர்த்தியிருக்கிறார். நான் ஊரில் இல்லாத நாலு நாளும் என் அட்டை நகராமல் நிற்கும் என்பதை மறந்து தாண்டிவிட்டார்.

"எதுக்குங்க இந்த வேசம்? யார ஏமாத்தறதுக்கு?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்திருப்பார்கள், பார்த்துக்கொள்ளட்டும்.

அவர் நிதானமாகச் சொன்னார். "எனக்கு நெஞ்சு ஆப்பரேசன் ஆனப்ப நீ என்ன பண்ணுன? புத்தகத்தையெல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுப்போட்டு ஒரு வருசம் என் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருந்த. வரவங்க போறவங்ககிட்ட எல்லாம் மாத்திரையப் பத்தியே பேசுன. அந்த ஒரு வருசம் ஊடு ஊடாவே இல்ல கண்ணு. இதையும் சொன்னா மறுபடியும் நிறுத்திப்போடுவ. எனக்குக் கண்ணு போனாப் போகுது, நீ மத்தியானம் படிக்கற சத்தம் கேக்கோணும்."

"படிக்கறதுக்கு ஏதுங்க சத்தம்?"

"உனக்கு இருக்குது. மூச்சு விடறது மாறும். உச்சு கொட்டுவ. மூக்க உறிஞ்சுவ. போன செவ்வாக்கெழமை ரொம்ப நேரம் உறிஞ்சுன. அன்னிக்குத்தான் யாரோ போய்ட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். எனக்குள்ள ஒரு கதை ஓடிட்டுத்தான் இருக்குது."

இல்லாத ஊரில் இல்லாத ஒருத்தி வாசல் விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போது வெளியே சிந்தியதை நான் கவனித்திருக்கிறேன். மூன்று மாதமாக இவர் காப்பியைத் தம்ளருக்கு வெளியே ஊற்றியதை, காற்று அதிகம் என்று சொல்லி ஸ்கூட்டரை எடுக்காததை, கல்யாணத்துக்கு வர மறுத்ததை நான் கவனிக்கவில்லை. அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. நல்ல வாசகி என்று பெயரெடுத்தவள், எதிரே உட்கார்ந்திருந்தவரைப் படிக்காமல் விட்டுவிட்டேன்.

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்து விட்டு, கண்ணை அகல விரிய வைத்து, இருட்டறையில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா சின்னப் பெண். இடது கண்ணின் நடுப்பகுதி திரும்பாது, வலது கண்ணை ஊசி போட்டு இருக்கிற அளவுக்காவது காப்பாற்றலாம், எழுத்துப் படிப்பது சந்தேகம்தான் என்றாள். "மூணு மாசம் முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்குமுங்க" என்று மெதுவாகச் சொன்னாள். அவர் தலையாட்டினார். நான் அழவில்லை, டாக்டரம்மாவின் மேஜையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் கறுப்புக் கண்ணாடியோடு ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர், சிங்காநல்லூர் வருவதற்குள் கேட்டுவிட்டார்: "பதினாறு பக்கம் விட்டுப் போச்சுன்னு சொன்னயே, பதிப்பகத்துக்குப் போன் போட்டயா?"

அவரே போட்டார். எண்ணை மட்டும் நான் அழுத்திக் கொடுத்தேன். புத்தகம் தைப்பதைப் பற்றி அவர் நடத்திய பாடத்தைக் கேட்டு பதிப்பகத்தார் பயந்திருக்க வேண்டும், ஒரே வாரத்தில் கூரியரில் புதுப் பிரதி வந்துவிட்டது. இனிமேல் அவரோடு சேர்ந்துதான் படிப்பேன், தனியாக ஒரு பக்கம்கூடத் தாண்ட மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன். கூரியர்க்காரர் தெரு முனை திரும்பும் முன்பே, கேட்டில் நின்றபடி அந்தப் பதினாறு பக்கத்தையும் படித்து முடித்துவிட்டேன். நான் வேறு எப்படி இருப்பேன்?

ஐம்பத்தெட்டாம் பக்கத்திலிருந்து ஆரம்பித்தோம். காலையில், மாடி வராந்தாவில், ஆறு மணிக்கு. பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் எதையும் வாய்விட்டுப் படித்ததில்லை. முதல் வாரம் மூச்சு வாங்கியது. வேகமாகப் போனால், "எந்த பஸ்ஸப் புடிக்கப் போற?" என்பார். வர்ணனையைத் தாண்டினால் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். "மழை பேஞ்சுட்டிருந்துச்சே, அதுக்குள்ள எப்படி வெயில் வந்துச்சு?" தப்பு வந்தால் பென்சிலை எடுத்து நான்தான் கோடு போட வேண்டும், அதையும் நேராகப் போட வேண்டும். ஆவணி போனது, புரட்டாசி வந்தது, காற்று அடங்கிவிட்டது. சில காலைகளில் குளத்தின் மேல் பனி மூட்டம் இறங்கி எதிர்க்கரை மறைந்துபோகும். அப்போது அவர் முகத்தைப் பார்த்தால், எனக்குத் தெரிகிற அதே அளவுதான் அவருக்கும் தெரிகிறது என்று தோன்றும். அந்த நேரங்களில் மனசு லேசாகிவிடும்.

நேற்று முந்நூற்று முப்பத்தாறாம் பக்கம் வந்தது. அவள் படகை எடுத்துக்கொண்டு துறைமுகச் சுவரைத் தாண்டினாள். பக்கத்தைத் திருப்பினேன். இந்த முறை அடுத்த பக்கம் இருந்தது. அலை வருகிறது, அவள் துடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். அதற்குப் பிறகு என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. குரலை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளப் பார்த்தேன். நாலு வரிகூடத் தாங்கவில்லை, மூக்கை உறிஞ்சிவிட்டேன்.

அவர் கையை நீட்டி, தேடி, என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எனக்கு முன்னாடியே அழுதுபோடாத கண்ணு" என்றார். "இரு. எனக்கும் அந்த வரி வரட்டும்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு படித்தேன்.